ரத்தம் வற்றாமல் ஊறுவது எப்படி? எலும்புக்குள் ஒரு ரகசிய ஊற்று!

ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள்தான். உட்கரு இல்லாததால், அது பிரிந்து இன்னொன்றை உருவாக்கவும் முடியாது. பிறகு எப்படி ஆயுள் முழுக்க ரத்தம் ஊறுகிறது?

எலும்பு மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல்கள்தான் காரணம். அவை பிரிந்து, சில ஸ்டெம் செல்லாகவே தங்கும். மற்றவை படிப்படியாக சிவப்பணு, வெள்ளையணு, தட்டணுவாக மாறும்.

தலசீமியா, ரத்தப் புற்றுநோய் போன்றவற்றில் இந்த ஊற்றே பழுதாகிவிடும். அப்போது பொருத்தமான ஒருவரின் ஸ்டெம் செல் உயிர் காக்கும். உடன்பிறந்த ஒருவரிடம் முழுப் பொருத்தம் அமைய 25 சதவிகித வாய்ப்புதான். அது அமையாத பலர், முகம் தெரியாத கொடையாளருக்காகக் காத்திருக்கிறார்கள்.

பதிவுசெய்ய, உள்கன்னத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்தாலே போதும். பொருத்தம் அமைந்தால், சில நாள் ஊசி போட்டு, பெரும்பாலும் கை ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்லைப் பிரிப்பார்கள். கொடுத்ததை உடல் சில வாரங்களில் ஈடுகட்டிவிடும்.