முதல் இன்லைன் ஸ்கேட்டைத் தேர்ந்தெடுத்தல்

இன்லைன் ஸ்கேட் என்பது காலணியின் அடியில் மூன்று அல்லது நான்கு சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் பொருத்தப்பட்ட சறுக்குக் காலணி ஆகும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று சக்கரங்கள் அமைந்தது குவாட் ஸ்கேட். புதிதாகக் கற்றுக்கொள்பவர் முதல் ஜோடி இன்லைன் ஸ்கேட் வாங்கும்போது எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வரலாறு

இன்றைய பெல்ஜியத்தில் பிறந்து 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் வாழ்ந்த கருவிக் கைவினைஞர் ஜான் ஜோசப் மெர்லின், சக்கரக் காலணியை முதலில் செய்தவர்களுள் ஒருவர். ஒரு விருந்தில் வயலின் வாசித்தபடியே அதில் உருண்டு வந்தவர், நிறுத்தத் தெரியாமல் பெரிய கண்ணாடி ஒன்றில் மோதினார் என்று ஒரு கதை உண்டு. 1863இல் அமெரிக்கரான ஜேம்ஸ் பிளிம்ப்டன் எளிதில் திரும்பக்கூடிய குவாட் ஸ்கேட்டை உருவாக்கிய பிறகு, ஒரே கோட்டில் சக்கரம் வைக்கும் முறை நெடுங்காலம் பின்தங்கியிருந்தது. 1980இல் மினியாபொலிஸ் நகரின் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களான ஸ்காட் ஓல்சன், பிரென்னன் ஓல்சன் என்ற சகோதரர்கள், பனி இல்லாத காலத்திலும் பயிற்சி செய்வதற்காக அதை மீண்டும் கையில் எடுத்தனர். அவர்கள் தொடங்கியதே ரோலர்பிளேடு நிறுவனம்.

தமிழ்நாட்டில் இவ்விளையாட்டின் மீது இப்போது ஆர்வம் கூடியிருக்கிறது. 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்டாய்ஹே நகரில் நடந்த உலக வேகச் சறுக்குப் போட்டியில் சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டரிலும் மாரத்தான் பிரிவிலும் தங்கம் வென்றார். அந்தப் படங்களைப் பார்த்த பிள்ளைகள் அவர் அணிந்திருந்ததைப் போன்ற ஸ்கேட்டே வேண்டும் என்று கேட்பது இயல்பு. ஆனால் அது பந்தய ஸ்கேட். கணுக்கால் எலும்புக்கு மேல் ஏறாத தாழ்ந்த காலணி, 100 மி.மீ.க்கு மேற்பட்ட பெரிய சக்கரம், பிரேக் கிடையாது. நிற்கவே கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அது ஏற்றதன்று.

பாத அளவு

மற்ற எதில் சமரசம் செய்துகொண்டாலும் அளவில் கூடாது. வளரும் பிள்ளை என்று சட்டையையும் செருப்பையும் ஒரு சுற்றுப் பெரிதாக வாங்குவது நம் வீடுகளில் வழக்கம். முப்பது ஆண்டுக்கும் மேலாகப் பள்ளியில், ஷூவின் முன்பக்கம் பஞ்சு அடைத்துக்கொண்டு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நடப்பதற்கு அது போதும். ஸ்கேட்டில் அப்படிச் செய்தால் கால் ஒரு பக்கமும் சக்கரம் ஒரு பக்கமும் போகும்.

என் பேத்திக்கு நேர்ந்தது இதுவே. பயிற்சிக்குச் சேர்ந்து மூன்று வாரத்தில், "கணுக்காலில் பலம் இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பாதங்கள் இரண்டும் உள்பக்கமாக மடங்கி நின்றன என்பது உண்மைதான். வீட்டில் அளந்து பார்த்தபோது அவள் பாதம் 20.5 செ.மீ. வாங்கிக் கொடுத்திருந்த ஸ்கேட் 35 முதல் 38 வரை நீட்டக்கூடியது. அதன் மிகச் சிறிய அளவே ஏறத்தாழ 22 செ.மீ. பாதத்துக்கு உரியது. ஒன்றரை செ.மீ. வெற்றிடத்துக்குள் எந்தக் கணுக்காலும் மடங்கத்தான் செய்யும். சரியான அளவு மாற்றிய பிறகு அதே பிள்ளை நேராக நின்றாள். பலமில்லை என்ற முடிவுக்கு வருமுன் காலணியை அளந்து பார்ப்பது நல்லது.

அளக்கும் முறை எளிது. மாலையில் அளக்க வேண்டும். பகல் முழுவதும் நடந்தபின் பாதம் சற்று உப்பியிருக்கும். அணியப்போகும் காலுறையோடு, குதிகால் சுவரைத் தொடும்படி ஒரு தாளின் மேல் நின்று, மிக நீண்ட விரலின் நுனியில் குறியிட்டு, சுவரிலிருந்து அந்தக் குறி வரை அளக்க வேண்டும். இரண்டு பாதமும் ஒரே நீளமாக இருப்பதில்லை. பெரியதையே கணக்கில் கொள்க. பெட்டியின் மேலுள்ள எண் ஐரோப்பிய அளவா, பிரிட்டன் அளவா, அமெரிக்க அளவா என்பது குழப்பம் தருவது. ஆகவே நிறுவனத்தின் அளவுப் பட்டியலில் செ.மீ. அல்லது மி.மீ. இருக்கும் பத்தியை மட்டும் பார்ப்பது பாதுகாப்பானது.

போட்டுப் பார்க்கும்போது குதிகாலைப் பின்பக்கம் தட்டி உட்கார வைத்து, கொக்கிகளை இறுக்கிவிட்டு எழ வேண்டும். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்சுவரை லேசாகத் தொடும். முழங்காலை மடக்கினால் சற்றே பின்வாங்கும். இதுவே சரியான அளவு. விரல் மடங்கினால் சிறியது. முழங்காலை மடக்கும்போது குதிகால் மேலே கிளம்பினால் பெரியது. கடையிலேயே பத்துப் பதினைந்து நிமிடம் அணிந்திருக்க வேண்டும். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் பொருட்படுத்த வேண்டாம். முழுப் பாதமும் இறுக்கமாக உணர்வது புதிய காலணியின் இயல்பு, உள்ளுறை நாளடைவில் தளரும். ஒரே இடத்தில் மட்டும் குத்தினால் அது தளராது.

பிள்ளைகளுக்கு நீட்டிச் சுருக்கும் ஸ்கேட் வாங்குவதில் தவறில்லை. இன்றைய பாத அளவு அதன் எல்லைக்குள் வர வேண்டும் என்பதே நிபந்தனை.

காலணியும் சட்டமும்

கணுக்காலுக்கு மேல் உயர்ந்த மேற்பட்டை உள்ள காலணியே தொடக்கநிலைக்கு உரியது. அதைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் வளைத்துப் பார்க்கலாம். துணிபோல மடங்கினால் வேண்டாம். முன்பக்கமாக மட்டும் சற்று வளைய வேண்டும், முழங்காலை மடக்குவதற்கு அது தேவை. கயிறு மட்டும் உள்ளதைவிட, கயிற்றோடு கணுக்கால் மடிப்பில் குறுக்குப் பட்டையும் மேலே கொக்கியும் உள்ளது குதிகாலை நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

சக்கரங்களைத் தாங்கும் சட்டம் அலுமினியத்திலோ உறுதியான பிளாஸ்டிக்கிலோ இருக்கும். எடை குறைந்த பிள்ளைக்குப் பிளாஸ்டிக் போதும். பெரியவர்களுக்கு அலுமினியம் நல்லது. ஸ்கேட்டைப் பின்பக்கமிருந்து கண்ணருகே பிடித்துப் பார்த்தால், எல்லாச் சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்பது தெரிந்துவிடும்.

சக்கரமும் பேரிங்கும்

சக்கரத்தின் மேல் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். ஒன்று மி.மீ.இல் விட்டம், மற்றது 'ஏ' என்ற எழுத்தோடு வரும் கடினத்தன்மை. பிள்ளைகளுக்கு 64 முதல் 76 வரையும், பெரியவர்களுக்கு 76 முதல் 84 வரையும் உள்ள விட்டம் ஏற்றது. பெரிய சக்கரம் சிறு கற்களையும் பிளவுகளையும் எளிதில் தாண்டும், வேகமும் தரும். ஆனால் ஆளைத் தரையிலிருந்து உயர்த்திவிடுவதால் நிலைகொள்வது கடினம். கடினத்தன்மை 80 முதல் 85 வரை இருந்தால் சிமெண்டுத் தரைக்குப் பொருந்தும். எண்ணைவிட முக்கியமானது, சக்கரம் பாலியூரித்தேனால் ஆனதா என்பது. பொம்மைக் கடைகளில் கிடைக்கும் மலிவான ஸ்கேட்டுகளில் பி.வி.சி. சக்கரம் இருக்கும். தரையில் தட்டினால் டக்கென்று ஒலிக்கும், நகத்தால் அழுத்தினால் சிறிதும் கொடுக்காது, வழுவழுப்பான தரையில் வழுக்கும்.

ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு பேரிங்குகள் உண்டு. எனவே நான்கு சக்கர ஸ்கேட் ஒரு ஜோடிக்குப் பதினாறு. பெரும்பாலும் 608 என்னும் அளவே பயன்படுகிறது: உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ. விற்பனையாளர் சக்கரத்தை விரலால் சுண்டி, எவ்வளவு நேரம் சுற்றுகிறது பாருங்கள் என்று காட்டுவது வழக்கம். இதைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. புதிய பேரிங்கில் கிரீஸ் நிறைந்திருந்தால் வெறுங்கையில் மெதுவாகத்தான் சுற்றும். ஆள் எடை ஏறும்போது அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. பெட்டியில் அச்சிட்ட ஏபெக் 7, ஏபெக் 9 போன்றவை பேரிங்கின் அளவுத் துல்லியத்தை மட்டுமே குறிப்பவை. உலோகத்தின் தரத்தையோ ஆயுளையோ சொல்வதில்லை. அந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் தருவது வீண்.

பிரேக்கும் காப்புகளும்

பெரும்பாலான ஸ்கேட்டுகளில் வலது குதிகாலின் பின்னால் ரப்பர் பிரேக் இருக்கும். பல வகைகளில் அதை இடது காலுக்கு மாற்றிக்கொள்ளலாம். பந்தயத்தில் பிரேக் இல்லை என்பதால் தொடக்கத்திலேயே அதைக் கழற்றிவிடச் சொல்லும் பயிற்சியாளர்கள் உண்டு. வேறு வழியில் நிற்கக் கற்றுக்கொள்ளும் வரை அதை வைத்திருப்பதே சரி என்பது என் கருத்து. மெர்லினின் கண்ணாடியை நினைத்துக்கொள்ளலாம்.

ஸ்கேட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் தலைக்கவசம், மணிக்கட்டுக் காப்பு, முழங்கை, முழங்கால் காப்புகளுக்கும் பங்கு வைக்க வேண்டும். விழும்போது எவரும் கையைத்தான் ஊன்றுவர். மணிக்கட்டு எலும்பு முறிவது இதனால்தான். 1996இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, மணிக்கட்டுக் காப்பு அணியாதவருக்கு அந்த இடத்தில் காயம் ஏற்படும் வாய்ப்பு, அணிந்தவரைவிட ஏறத்தாழ 10 மடங்கு என்று கண்டது. கடைகளில் முழங்கால், முழங்கைக் காப்பு மட்டுமே கொண்ட பெட்டிகளும் உண்டு. மணிக்கட்டுக் காப்பு இல்லையென்றால் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். உள்ளங்கைப் பக்கம் கெட்டியான பட்டை வைத்ததே பயன் தரும்.

பழைய ஸ்கேட்

பிள்ளைகளின் கால் வேகமாக வளர்வதால் ஒருவர் விட்டதை இன்னொருவர் வாங்குவது சிக்கனமானது. மேற்பட்டையின் ஆணியைச் சுற்றி விரிசல் இருக்கிறதா, உள்ளுறை நைந்திருக்கிறதா, திருகுகளின் தலை வழுக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சக்கரம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருப்பது குறையன்று. நான்கு சக்கர ஸ்கேட்டில் முதலாவதை மூன்றாவதோடும் இரண்டாவதை நான்காவதோடும் இடம் மாற்றி, தேய்ந்த பக்கம் எதிர்ப்புறம் வரும்படி திருப்பிப் பொருத்தினால் இன்னும் பல மாதம் ஓடும். பேரிங் கரகரவென்று ஒலித்தால் மணலோ மழைநீரோ உள்ளே போயிருக்கிறது. அதை மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசலாம்.