பழனிச் சிரிப்பான்

கொடைக்கானலில் வைகறையில் புதர்களினூடே கேட்கும் உரத்த பறவைக்குரல்களுள் ஒன்று பழனிச் சிரிப்பானுடையது. ஒரு பறவை தொடங்கினால் கூட்டத்திலுள்ள பிறவும் சேர்ந்து ஒலிக்கும். இதன் நீளம் ஏறத்தாழ 20 செ.மீ. மேனி பழுப்பு, மார்பு சாம்பல், வயிறு செம்பழுப்பு. கண்ணுக்கு மேலே வெண்பட்டையொன்று புருவம் போல் அமைந்திருக்கும். இவ்வகைப் பறவைகளை மலையாளத்தில் சிலப்பன் என்பர். அமெரிக்கப் பாதிரியார் ஃபேர்பேங்க் என்பவரின் பெயரை இதற்கு இட்டு, பிளான்ஃபோர்டு 1869-இல் இதனை விவரித்தார்.

அவ்வூரில் சாதாரணமாகக் காணக்கூடிய இப்பறவையை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ‘அச்சுறு நிலையை அண்மித்த இனம்’ என வகைப்படுத்தியிருப்பது பலருக்கு வியப்பளிக்கலாம். ஓரிடத்தில் மிகுந்திருத்தல் வேறு, பல இடங்களில் பரவியிருத்தல் வேறு. பழனி, ஆனைமலை, மூணாறு, ஏலமலை ஆகிய மலைப்பகுதிகளின் உயர்ந்த பாகங்களை நீக்கினால் உலகில் வேறெங்கும் இது இல்லை. வடக்கே பாலக்காட்டுக் கணவாயும் தெற்கே அச்சன்கோவில் கணவாயும் இதன் எல்லைகள். குளிர்ந்த மலைக்காட்டில் வாழப் பழகிய உயிர், வெப்பமான தாழ்நிலத்தைக் கடந்து செல்வதில்லை.

இவ்வெல்லையின் முக்கியத்துவம் நெடுநாள் சரிவர உணரப்படவில்லை. நீலகிரிச் சிரிப்பானின் மார்பு செந்நிறமுடையது. வயநாட்டின் பாணாசுரமலைப் பறவைக்கும் பழனிப் பறவைக்கும் சாம்பல் மார்பு. ஆகவே பழைய நூலார் பின்னிரண்டையும் ஒரே இனமாக எண்ணினர். பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன், வி. வி. ராபின் முதலியோர் பங்குகொண்டு 2017-இல் வெளியிட்ட மரபணு ஆய்வு இதனை மாற்றியது. பாணாசுரப் பறவைக்கு நெருங்கிய உறவு நீலகிரிப் பறவையே. இரண்டும் கணவாய்க்கு வடக்கே வாழ்பவை. பழனிப் பறவையின் உறவோ தெற்கே அகத்தியமலைப் பக்கத்தில் உள்ளது. ஆக, உறவைக் காட்டியது மார்பின் நிறமன்று, கணவாயே. இன்று இவை நான்கும் தனித்தனி இனங்கள். ஓரினம் எனக் கருதப்பட்டது பலவானபோது ஒவ்வொன்றின் நிலப்பரப்பும் சுருங்கிற்று. சில சிகரங்களிலேயே வாழும் பாணாசுரச் சிரிப்பான் இன்று ‘அருகிய இனம்’ ஆகும்.

பூச்சிகள், தவிட்டுக் கொய்யா போன்ற காட்டுப்பழங்கள், காட்டுப் பூவரசு, குறிஞ்சி முதலிய மலர்களின் தேன் ஆகியவை இதன் உணவு. சோலையின் ஓரத்துப் புதரடர்த்தியே இதற்குப் பெரிதும் ஏற்றது. மூணாற்றில் சோலைகள் தேயிலைக்காக அழிக்கப்பட்டன. பழனி மலையில் தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டிலும், விறகுக்காக யூகலிப்டஸும் நடப்பட்டன. பெரும்பாலும் புல்வெளிகளிலேயே நடப்பட்டன. தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு மலை முன்னிலும் பசுமையாகத் தோன்றும். ஆனால் மரங்கள் பெருகியதைச் சோலை பெருகியதாகக் கொள்ளலாகாது. மறுபுறம், முதிர்ந்த தோட்டங்கள் சிலவற்றின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமே முளைத்து வருகின்றன. அயல் மரங்களை அகற்றும் பணியாளர்கள், வெட்டுமுன் கீழ்த்தளத்தை நோக்குதல் இன்றியமையாதது.

பறவையைக் குறிப்பெடுப்போர் ‘கண்டேன்’ என்று மட்டும் எழுதுவது போதாது. இடத்தின் உயரம், கூட்டத்தின் எண்ணிக்கை, பறவை அமர்ந்த செடி சோலைக்குரியதா தோட்டத்துக்குரியதா என்பவற்றையும் எழுதுதல் வேண்டும். கொடைக்கானலில் பத்துமுறை காண்பதினும், மலைச்சரிவில் எந்த உயரத்திற்குக் கீழே இது காணப்படவில்லை என்னும் ஒரு குறிப்பு அதிகப் பயனுடையது. வெப்பம் ஏறுங்கால் அக்கோடு மேலே நகர்கின்றதா என்பது அத்தகைய குறிப்புகளைக் கொண்டே தெரியவரும்.