தோட்டத்துக் கணினி – 7: ஆளுக்கொரு சாவி

மலேசியாவில் லிங்கியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்தவர்களைத் தேடினால் சிரம்பானில் கிடைப்பார்கள், கிள்ளானில் கிடைப்பார்கள், சிங்கப்பூரில்கூடக் கிடைப்பார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது லயங்கள் காலியாகின. செக்ரோல், சம்பளப் பட்டியல், ஆஸ்பத்திரிப் பதிவேடு எல்லாம் துரைமார் ஆபீசின் சொத்து. தோட்டம் கைமாறும்போது அவை எங்கே போயின என்று கேட்க நமக்கு வழியில்லை. நம்மிடம் மிஞ்சியிருப்பது பெரியவர்களின் நினைவு. அதை எழுத்தில் ஏற்றிவைக்க வேண்டும், நாலு ஊரில் இருப்பவர்கள் சேர்ந்து ஏற்ற வேண்டும் என்பதற்காகத்தான் இந்தத் தொடர்.

சென்ற வாரம் ஒரு பழைய மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸ் நிறுவினோம். அது சிரம்பானில் அண்ணன் வீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தங்கை கிள்ளானில், அத்தை மகன் சிங்கப்பூரில். மூவரும் சேர்ந்து ஒரு பட்டியல் எழுதுகிறார்கள்: ஜப்பான்காரன் காலத்தில் தங்கள் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியல். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையை 1942 ஜூனில் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்துவிட்டார்கள். அதில் மடிந்த மலாயாத் தமிழர்கள் பல்லாயிரம் பேர். அவர்களில் பெரும்பாலோரின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆகவே இந்தப் பட்டியலில் ஒவ்வொரு வரியும் முக்கியம். எந்த வரியை யார் சொன்னார், யார் எழுதினார், பிறகு யார் திருத்தினார் என்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

இதற்கு இரண்டு கருவிகள் போதும். தூரத்திலிருந்து அண்ணன் வீட்டுக் கணினிக்குள் பத்திரமாக நுழைய எஸ்எஸ்எச். எழுதியதன் ஒவ்வொரு பதிப்பையும் காக்கக் கிட். முன்னது 1995-இல் பின்லாந்தில் பிறந்தது. பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களை அள்ளிக்கொண்டு போனதைப் பார்த்த தாத்து யுலோனன், எல்லாப் பேச்சையும் மறையாக்கி அனுப்பும் நிரலை எழுதினார். இன்று லினக்ஸில் நாம் பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்எச் 1999-இல் வந்தது. கிட்டை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதினார். லினக்ஸ் கருவை உருவாக்குவோர் அதுவரை பயன்படுத்திய பிட்கீப்பரின் இலவச உரிமம் திரும்பப் பெறப்பட்டதால் வந்த அவசரம் அது.

கட்டளைகளை இங்கே ஒலிக்கிறபடி எழுதுகிறேன். திரையில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

சங்கமோ கோயில் கமிட்டியோ குடும்பமோ, நம்மவர்கள் கூட்டாகக் கணினி வேலை செய்தால் முதலில் நடப்பது ஒரே கடவுச்சொல்லை எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புவது. தயவுசெய்து இதை நிறுத்துங்கள். ஒருவரின் போன் தொலைந்தால் அத்தனை பேரும் மாற்ற வேண்டும். தவறு நடந்தால் யார் கையிலிருந்து நடந்தது என்று தெரியாது. இணையத்தைப் பார்த்தபடி எஸ்எஸ்எச்சுக்கான 22-ஆம் வாசல் திறந்திருக்கும் எந்தக் கணினியையும் தேடிப் பிடித்து, இரவு பகலாகக் கடவுச்சொல் ஊகித்துத் தட்டிக்கொண்டிருக்கும் நிரல்கள் உலகம் முழுக்க ஓடுகின்றன. கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைத்துத் தரும் கிட்ஹப் நிறுவனமே 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் வேலைகளுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதை நிறுத்திவிட்டது.

எனவே ஆளுக்கொரு சாவி. தங்கை தன் கணினியில் எஸ்எஸ்எச்-கீஜென் -டி ஈடி25519 என்று தட்டினால் இரண்டு கோப்புகள் உருவாகும். பப் என்று முடிவது பொதுச்சாவி, மற்றது அந்தரங்கச் சாவி. பொதுச்சாவியைப் பூட்டு என்றே நினைத்துக்கொள்ளுங்கள்: யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம், வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம், அதைக் கொண்டு யாரும் உள்ளே நுழைய முடியாது. அந்தரங்கச் சாவி மட்டும் தங்கையின் கணினியை விட்டு வெளியே போகவே கூடாது. நுழையும்போதும் அது பயணம் செய்வதில்லை. தன்னிடம் சாவி இருப்பதை அவள் கணினி ஒரு கையொப்பமிட்டு நிரூபிக்கிறது, அவ்வளவுதான். உருவாக்கும்போது காப்புச்சொல் கேட்கும். வெறுமனே எண்டர் தட்டிவிடாதீர்கள். மடிக்கணினி திருடுபோனால் சாவியைக் காப்பது அந்தக் காப்புச்சொல் மட்டுமே.

அண்ணன் தன் சொந்தக் கணக்குக்கு எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி கட்டளையால் சாவியை ஏற்றிக்கொள்ளலாம். பட்டியலுக்கென்று கிட் என்ற பெயரில் தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, தங்கையும் அத்தை மகனும் அனுப்பிய பொதுச்சாவிகளை அதன் ஆதரைஸ்ட்_கீஸ் கோப்பில் வரிக்கு ஒன்றாக ஒட்டுகிறார். வரியின் கடைசியில் யாருடையது, எந்தக் கணினி என்று குறித்துவைக்கிறார். நாளை அத்தை மகனின் கணினி காணாமல் போனால் அந்த ஒரு வரியை அழித்தால் போதும். தங்கையின் வேலை ஒரு நிமிடம்கூடத் தடைபடாது.

இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. எல்லாம் சரியாகச் செய்திருப்பீர்கள், ஆனாலும் கணினி பிடிவாதமாகக் கடவுச்சொல்லையே கேட்கும். பெரும்பாலும் காரணம் கோப்பு அனுமதி. புள்ளி எஸ்எஸ்எச் என்ற மறைகோப்புறை 700, ஆதரைஸ்ட்_கீஸ் 600 என்றிருக்க வேண்டும். வீட்டுக் கோப்புறையில் மற்றவர்கள் எழுத முடிகிற நிலை இருந்தாலும் எஸ்எஸ்எச் சேவை அந்தச் சாவிகளை ஏற்க மறுத்துவிடும். திரையில் காரணம் சொல்லாது. சேவையகமான அண்ணன் கணினியின் பதிவேட்டில்தான் சொல்லும்.

சாவி வேலை செய்வதைப் பார்த்த பிறகே சேவையகத்தின் எஸ்எஸ்எச் அமைவுக் கோப்பில் பாஸ்வர்ட் ஆதெண்டிகேஷன் என்ற வரியை நோ என்று மாற்றுங்கள். சூடோ எஸ்எஸ்எச்டி -டி என்று தட்டினால் எழுத்துப் பிழை இருந்தால் காட்டிக்கொடுக்கும். பிறகு சேவையை மறுபடி தொடங்குங்கள். முக்கியமானது: உள்ளே இருக்கும் சன்னலை மூடாதீர்கள். இன்னொரு சன்னல் திறந்து புதிதாக நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால்தான் முதலாவதை மூடலாம். தூரத்துச் சேவையகத்தில் இதைத் தவறவிட்டால் வீட்டுக்கு வெளியே நிற்பது நீங்கள்தான். வாடகைச் சேவையகங்கள் சிலவற்றில் துணைக் கோப்பு ஒன்று முந்திக்கொண்டு யெஸ் என்று சொல்லியிருக்கும். முதலில் வாசிக்கப்படும் வரியே செல்லும் என்பதால் அந்தத் துணைக் கோப்புறையையும் பார்த்துவிடுங்கள்.

தங்கை முதன்முதல் இணையும்போது திரையில் ஒரு கேள்வி வரும். இந்தக் கணினி யார் என்று எனக்குத் தெரியாது, கைரேகை இன்னது, தொடரலாமா என்று கேட்கும். கிட்டத்தட்ட எல்லோரும் யெஸ் என்று தட்டிவிடுகிறார்கள். அண்ணன் நம்மை நம்புவதற்குத்தான் சாவி. நாம் இணைவது அண்ணன் கணினியோடுதான் என்று நம்புவதற்கு இந்தக் கைரேகை. ஒரு போன் போதும்.

“அண்ணே, கைரேகையோட முதல் எட்டு எழுத்து வாசிக்கிறேன், சரியா பாருங்க.”

“முழுசாவே வாசிம்மா, நான் எழுதி வெச்சிருக்கேன்.”

அண்ணன் சொல்வதுதான் சரி. பிறகு ஒருநாள் கைரேகை மாறிவிட்டது என்று பெரிய எச்சரிக்கை வந்தால் அப்போதும் போன் போடுங்கள். நியாயமான காரணமும் இருக்கலாம். 2023 மார்ச்சில் கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ அந்தரங்கச் சாவி பொதுவில் சற்று நேரம் வெளிப்பட்டுவிட்டதால் அதை மாற்றியது, உலகெங்கும் உள்ள பயனர்கள் இதே எச்சரிக்கையைப் பார்த்தார்கள். காரணம் தெரியாமல் பழைய கைரேகையை அழிக்கக் கூடாது.

இனிக் கிட். சேவையகத்தில் கிட் இனிட் --பேர் --ஷேர்ட் என்று ஒரு களஞ்சியத்தைத் தொடங்குங்கள். ஷேர்ட் என்று சொன்னால் ஏற்கெனவே ஏறிய வரலாற்றின் மேல் வேறொன்றை வலுக்கட்டாயமாகத் திணிப்பதைக் களஞ்சியம் மறுக்கும். கிளையையே அழித்துவிட்டு மறுபடி ஏற்றும் குறுக்குவழியை அடைக்க ரிசீவ்.டிநைடிலீட்ஸ் என்பதை ட்ரூ ஆக்குங்கள். மூவரும் க்ளோன் செய்துகொண்டால் ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும். எழுதியதைக் கிட் ஆட், கிட் கமிட் என்று பதிந்து, கிட் புல் செய்து மற்றவர் எழுதியதை வாங்கி, கிட் புஷ் செய்து தன்னுடையதை ஏற்ற வேண்டும். கமிட் செய்யும்போது கேட்கும் குறிப்பைத் தமிழில் எழுதுங்கள்: “பெரியம்மா சொன்னபடி வருடம் 1943 என மாற்றினேன், முன்பு இருந்த 1942 சித்தப்பா சொன்னது.” பத்து வருடம் கழித்து வரும் பேரப்பிள்ளைக்கு அந்தக் குறிப்புதான் சான்று.

தமிழில் எழுதுபவர்களுக்கென்றே சில இடைஞ்சல்கள் உண்டு. ஆங்கில வழிகாட்டிகளில் இவை இருக்காது. கோப்புக்குத் ‘தோட்டம்’ என்று பெயர் வைத்துக் கிட் ஸ்டேட்டஸ் பார்த்தால் பெயருக்குப் பதில் \340\256\244 என்று எண்களாகக் கொட்டும். பயப்பட வேண்டாம், கோப்பு கெடவில்லை. த என்ற எழுத்தின் மூன்று பைட்டுகளைத்தான் கிட் அப்படிக் காட்டுகிறது. கோர்.கோட்பாத் என்ற அமைவை ஃபால்ஸ் ஆக்கினால் தமிழிலேயே தெரியும்.

அடுத்தது இதைவிடக் குழப்பமானது. கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது, ஆனால் கிட் டிஃப் வரி மாறிவிட்டது என்று சொல்லும். ‘தோ’ என்பதை யூனிகோடில் தகர எழுத்தோடு ஒரே ஓகாரக் குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் எனப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும். அண்ணனின் விசைப்பலகையும் பழைய கோப்பை மாற்றிய நிரலும் வேறு வேறு வழியில் எழுதினால் இப்படி ஆகும். தேடினாலும் பாதிப் பெயர்கள் அகப்படாது. யுகான்வ் -எக்ஸ் எனி-என்எஃப்சி என்ற கட்டளை எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும். களஞ்சியத்தில் ஏற்றுவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

மலேசியாவில் தமிழ்க் கணினி வேலை யூனிகோடுக்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. முத்து நெடுமாறன் முரசு என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியது 1985-இல். அதனால் பழைய டிஸ்கெட்டுகளிலும் சிடிகளிலும் பழைய குறியேற்றத்தில் கோப்புகள் பலர் வீட்டில் தூங்குகின்றன. அவற்றில் திஸ்கி குறியேற்றத்தில் உள்ளவற்றை லினக்ஸில் ஏற்கெனவே இருக்கும் ஐகான்வ் கட்டளையே யூனிகோடுக்கு மாற்றித் தரும். தனி மென்பொருள் தேடி அலைய வேண்டியதில்லை.

பத்தி முழுவதையும் ஒரே வரியாக எழுதினால் ஒரு சொல் மாறினாலும் பத்தி முழுக்க மாறியதாகக் கிட் காட்டும். ஒரு வாக்கியம் ஒரு வரி என்று எழுதுங்கள். அல்லது கிட் டிஃப் --வேர்ட்-டிஃப் என்று கேளுங்கள், மாறிய சொல்லை மட்டும் காட்டும்.

சரி, சாவியும் இருக்கிறது, வரலாறும் இருக்கிறது. இவை ஒன்றையொன்று தாங்குகின்றனவா? இல்லை. கிட் கமிட்டில் வரும் பெயர், எழுதுபவர் தன் அமைவில் தானே வைத்துக்கொண்ட பெயர். தங்கை தன் சாவியோடு உள்ளே வந்து அத்தை மகனின் பெயரில் ஒரு வரியைப் பதிந்தாலும் கிட் மறுப்பதில்லை. எஸ்எஸ்எச் வாசலில் ஆளைப் பார்க்கிறது, உள்ளே கொண்டுவந்த தாளில் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. குடும்பத்துக்குள் யாரும் ஏமாற்றப் போவதில்லை என்பீர்கள். ஆனால் இந்தப் பட்டியல் குடும்பத்தைத் தாண்டி ஒருநாள் ஆய்வாளர்களிடமும் போக வேண்டும் என்பதே என் ஆசை. 2021 நவம்பரில் வந்த கிட் 2.34 முதல், நுழைய வைத்திருக்கும் அதே எஸ்எஸ்எச் சாவியாலேயே கமிட்டில் கையொப்பமிடலாம். ஜிபிஜி.ஃபார்மேட் என்பதை எஸ்எஸ்எச் என்று வைத்து, சைனிங்கீ எது என்று காட்டி, கமிட்.ஜிபிஜிசைன் என்பதை ட்ரூ ஆக்கினால் முடிந்தது.

நம்பிக்கை எவ்வளவு மெல்லிய இழை என்பதை 2024 மார்ச் 29 காட்டியது. ஆன்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர் எஸ்எஸ்எச் வழி நுழைவது வழக்கத்தைவிட அரை வினாடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் தோண்டினார். எக்ஸ்இசட் என்ற சுருக்க நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் எஸ்எஸ்எச் கதவைக் கள்ளத்தனமாகத் திறக்கும் நிரலை ஒருவர் புகுத்தியிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நல்ல வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்தவர். தீங்கை உயிர்ப்பிக்கும் துண்டை எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் வைக்காமல், வெளியீட்டுப் பொதியில் மட்டும் ஒளித்து வைத்திருந்தார். பெரும்பாலான கணினிகளுக்குப் பரவுமுன் பிடிபட்டுவிட்டது. இப்படிப் பிடிபடும் ஓட்டைகளை அடைப்பவை பாதுகாப்புப் புதுப்பிப்புகள்தான்; உபுண்டு சொல்லும்போது அவற்றை அன்றன்றே ஏற்றிவிடுங்கள்.

தொடங்குமுன் ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, உயிரோடிருப்பவரின் போன் எண் எதையும் களஞ்சியத்தில் ஏற்றாதீர்கள். அடுத்த நாள் அழித்தாலும் முந்தைய பதிப்பில் அது இருந்துகொண்டே இருக்கும், க்ளோன் செய்த ஒவ்வொருவரிடமும். பெயர், தோட்டம், டிவிஷன், கொண்டுபோன வருடம், திரும்பினாரா இல்லையா, சொன்னவர் யார்: இந்த ஆறு விவரங்கள் முதலில் போதும். இரண்டு பெரியவர்கள் இரண்டு வருடம் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள்.