மூன்று விளக்குகள்

மழைக்காலத்தில் மொட்டைமாடி மோட்டார் வயரில் ஈரம் இறங்கினால் டப்பென்று ட்ரிப்பர் விழும், வீடு இருட்டாகும். எரிச்சலாக இருந்தாலும், கரண்ட் போனது நம் உயிரைக் காக்கத்தான்.

இதே ஈரம் நடுக்கடலில், போர்க்கப்பலின் மேல்தள விளக்கு ஒன்றுக்குள் இறங்கினால்? ஏவுகணை வரும் நேரத்தில் ஒரு சொட்டு உப்புநீர் ரேடாரை அணைத்துவிடக் கூடாது. அங்கே கரண்ட் போவதுதான் ஆபத்து. கடற்படை மின்பொறியாளரின் வேலை இந்த இடத்தில் தொடங்குகிறது.

நம் ஊரில் டிரான்ஸ்பார்மரின் நியூட்ரலை மண்ணில் எர்த் செய்கிறோம். கசியும் மின்சாரம் மண் வழியாகத் திரும்புவதால் ட்ரிப்பர் உடனே கண்டுகொள்கிறது. கப்பலுக்கு மண் ஏது? அதன் இரும்பு உடல்தான் எர்த். பல கடற்படைகளில் வழக்கமான 440 வோல்ட் மூன்று ஃபேஸ் அமைப்பில், நியூட்ரலை அந்த உடலோடு இணைப்பதே இல்லை. ஒரு ஃபேஸ் இரும்பைத் தொட்டாலும் மின்சாரம் திரும்பி வர நல்ல வழி கிடைக்காது. பிரேக்கர் விழாது, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் கோளாறு இருப்பது எப்படித் தெரியும்? சுவிட்ச்போர்டில் உள்ள மூன்று சிறு விளக்குகள் சொல்லும். ஒவ்வொரு ஃபேஸுக்கும் கப்பலின் உடலுக்கும் நடுவே ஒரு விளக்கு. எல்லாம் சரியாக இருந்தால் மூன்றும் ஒரே அளவில் எரியும். ஒரு ஃபேஸில் கசிவு வந்தால் அதன் விளக்கு மங்கும், மற்ற இரண்டும் பளிச்சிடும். முழுவதுமாக இரும்பைத் தொட்டுவிட்டால் அந்த விளக்கு அணைந்தே போகும்.

பிறகு வேட்டை. பொறியாளர் ஒரு சர்க்யூட்டை நிறுத்துகிறார். விளக்கு மங்கலாகவே இருக்கிறது. அதை மீண்டும் போட்டுவிட்டு அடுத்ததை நிறுத்துகிறார். சமையலறை ஹீட்டரா, தளத்து விளக்கா, பம்ப்பா? எந்த சர்க்யூட்டை நிறுத்தும்போது மூன்றும் சமமாகின்றனவோ, அதில்தான் கோளாறு. தாமதிக்க முடியாது. வேறொரு ஃபேஸில் இன்னொரு கசிவு வந்தால், இரண்டும் கப்பலின் உடல் வழியே ஷார்ட் ஆகிவிடும்.

எர்த் இல்லையென்றால் ஷாக் அடிக்காது என்று நினைப்பது உயிரைக் குடிக்கும் தவறு. கப்பலுக்குள் ஓடும் நீண்ட கேபிள்களும் இரும்பு உடலும் சேர்ந்து பெரிய கெப்பாசிட்டராக இருக்கின்றன. அந்த வழியில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் பாயும்.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனின் ஆர்க் ராயல் சாட்சி. 1941 நவம்பர் 13 அன்று, ஜிப்ரால்டரை நெருங்கிக்கொண்டிருந்த அந்த விமானந்தாங்கிக் கப்பலை ஒரே ஒரு டார்பிடோ தாக்கியது. கொதிகலன் அறைகளில் நீர் புகுந்தது. ஜெனரேட்டர்கள் எல்லாம் நீராவியை நம்பியவை. அவசரத்துக்கு டீசல் ஜெனரேட்டர் இல்லை. மின்சாரம் போனதும் பம்ப்புகள் நின்றன. லாஃபரி என்ற போர்க்கப்பல் பக்கத்தில் வந்து மின்சாரம் கொடுத்தும், அடுத்த நாள் காலையில் ஆர்க் ராயல் மூழ்கியது.

ஓராண்டு கழித்து, குவாடல்கனால் கடற்போரில் அமெரிக்காவின் சவுத் டகோட்டா போர்க்கப்பல் வேறு பாடம் கற்றது. போரின் நடுவே மின்சாரம் போய்விடக் கூடாதென்று பிரேக்கர்களை விழ முடியாதபடி கட்டிவைத்திருந்தார்கள். ஒரு மூலையில் வந்த கோளாறு அங்கேயே நிற்காமல் கப்பல் முழுவதும் பரவியது. ரேடார் குருடானது, ரேடியோ ஊமையானது. இருளில் தடுமாறிய கப்பலை எதிரியின் குண்டுகள் துளைத்தன.

ஆகவே, எப்போதும் துண்டிப்பதும் தவறு, ஒருபோதும் துண்டிக்காமல் இருப்பதும் தவறு. கோளாறுக்கு மிக அருகில் உள்ள பிரேக்கர் மட்டும் விழ வேண்டும், மற்றவை பொறுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பிரேக்கரும் எத்தனை ஆம்பியரில், எத்தனை மில்லி விநாடியில் விழ வேண்டும் என்று கணக்கிட்டு வரிசைப்படுத்துவது நுட்பமான கலை. ஜெனரேட்டர்களையும் சுவிட்ச்போர்டுகளையும் தனித்தனி அறைகளில் பிரித்து வைப்பதும், முக்கியமான கருவிகளுக்கு இரண்டு பக்கத்திலிருந்து மின்சாரம் கொடுப்பதும் அதன் தொடர்ச்சிதான்.

2022-இல் கொச்சியில் இந்தியக் கடற்படையில் சேர்ந்த விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தில் 3 மெகாவாட் ஜெனரேட்டர்கள் எட்டு இருக்கின்றன. மொத்தம் 24 மெகாவாட், ஒரு நகரத்துக்குரிய மின்சாரம். இப்படிப்பட்ட கப்பல்களுக்கான மின்பொறியாளர்களை ஜாம்நகரில் உள்ள ஐ.என்.எஸ். வல்சுரா பயிற்றுவிக்கிறது.

இன்று கசிவின் அளவைத் திரையிலேயே எண்ணாகக் காட்டும் கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் பல கப்பல்களில் அந்த மூன்று விளக்குகள் இன்னும் எரிகின்றன. இரவுக் காவலில் ஒருவர் அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்று லேசாக மங்கினால், ரேடார் முன்னால் இருப்பவருக்கு எதுவும் தெரியாமலேயே அவர் எழுந்து வேட்டையைத் தொடங்கியிருப்பார்.