காவிரிக் கரையின் பெண்கள்: தெரியுமா உங்களுக்கு?

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியது ராஜராஜ சோழன் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அங்கே கொடைகளைக் கல்லில் வெட்டச் சொன்னபோது, தான் கொடுத்தவற்றுக்கு அடுத்து, தேவியர் கொடுத்தவற்றுக்கும் முன்னால், அக்கன் குந்தவை கொடுத்தவற்றை அவன் வைத்தான் என்பது தெரியுமா?

அதே கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் இன்னொரு அதிசயம்! சோழநாடெங்கும் இருந்து வரவழைத்துக் குடியமர்த்திய ஏறத்தாழ 400 ஆடல் மகளிரின் பெயர்கள்! பெயர் மட்டுமா? எந்தத் தளிச்சேரி (கோயில் பெண்கள் குடியிருந்த தெரு), தெருவின் எந்தச் சிறகு (பக்கம்), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எல்லாம் இருக்கின்றன. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு (முதல் வீடு): திருவையாற்று லோகமாதேவி ஈச்சுரத்திலிருந்து வந்த சேரமங்கை. பங்கு ஒன்று. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஆடிய ஒரு பெண்ணின் வீட்டு விலாசம் இன்றைக்கும் நமக்குத் தெரிகிறதே, இந்தப் பாக்கியம் எத்தனை ஊர்களுக்கு வாய்த்திருக்கிறது? சேரமங்கை முன்பு இருந்த அந்தத் திருவையாற்றுக் கோயிலை எழுப்பியவரும் ஒரு பெண்தான், ராஜராஜனின் தேவி லோகமாதேவி!

குந்தவைக்கும் லோகமாதேவிக்கும் முன்னோடி, சோழ அரசி செம்பியன் மாதேவி. கணவர் கண்டராதித்த சோழர் மறைந்த பிறகு, செங்கல் கோயில்களை ஒவ்வொன்றாகக் கருங்கல்லில் எடுத்துக் கட்டினார். திருக்கோடிக்காவில் என்ன செய்தார் தெரியுமா? பழைய கோயிலின் கல்வெட்டுகள் அழிந்துபோகாமல் படியெடுத்துப் புதுச்சுவரில் வெட்டவைத்தார்! அந்தக் காலத்திலேயே ஆவணத்தின் அருமை தெரிந்த அரசி.

எழுத்திலும் இந்த மண்ணின் பெண்கள் சளைத்தவர்கள் அல்ல. தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரைப் பற்றி ராமபத்ராம்பா சமஸ்கிருதத்தில் காவியமே பாடினார். மராட்டியர் காலத்தில், பிரதாபசிம்மர் சபையில் முத்துப்பழனி தெலுங்கில் ராதிகா சாந்த்வனம் எழுதினார். 1910-இல் அதைத் தேடிப் பிடித்து முழுமையாக அச்சேற்றினார் பெங்களூரு நாகரத்தினம்மாள். ஆபாசம் என்று சொல்லி ஆங்கிலேய அரசு தடை போட்டது. அவர் அசரவில்லை!

இதே நாகரத்தினம்மாள்தான் திருவையாற்றில் தியாகராஜர் சமாதி கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று அறிந்து பதறி ஓடிவந்தவர். தன் சொந்தப் பணத்தில் கோயில் எழுப்பினார். ஆனால் அங்கே நடந்த ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாதாம்! விட்டாரா? சமாதிக்குப் பின்புறம் பெண்களைத் திரட்டித் தனியாகவே ஆராதனை நடத்திக் காட்டினார். தனித்தனியாக ஆராதனை நடத்திவந்த கோஷ்டிகள் 1940 வாக்கில் ஒன்றாயின. இன்றைக்கு ஆணும் பெண்ணும் ஒன்றாக உட்கார்ந்து பஞ்சரத்னம் பாடுகிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் இந்த அம்மாளின் பிடிவாதம் இருக்கிறது. 1952-இல் மறைந்த அவருக்கும் அங்கேயே சமாதி. தியாகராஜரைப் பார்த்தபடி அவருடைய சிலை!

போராட்டக் களத்திலும் இந்த மண்ணின் பெண்கள் உண்டு. கீழத்தஞ்சையின் மணலூர் மணியம்மையைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பிராமணக் குடும்பத்து விதவை. கிராப்பு வெட்டி, வேட்டி சட்டை அணிந்து, சிலம்பம் கற்று, பண்ணையாட்களைத் திரட்டிப் பண்ணையார்களை நேருக்கு நேர் எதிர்த்தவர்! 1953-இல் ஒரு மான் முட்டி இறந்தார். அவர் வாழ்க்கையைத்தான் ராஜம் கிருஷ்ணன் ‘பாதையில் பதிந்த அடிகள்’ நாவலாக்கினார்.

1968-இல் அதே கீழத்தஞ்சையின் கீழவெண்மணியில் தலித் கூலித் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு அந்தப் பகுதிக்கு வந்தவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். 1981-இல் லாஃப்டி (உழுபவருக்கு நிலம்) என்ற அமைப்பைத் தொடங்கி, நிலமற்ற தலித் குடும்பங்களுக்குத் தலா ஓர் ஏக்கர் நிலம் வாங்கித் தந்தார். பத்திரம் யார் பெயரில் பதிவானது தெரியுமா? அந்தக் குடும்பத்துப் பெண்ணின் பெயரில்!