இரும்புக் குண்டும் ஈரக் கையும்

வருஷம் முழுவதும் புழுக்கம் தணியாத சிங்கப்பூரின் வடபுறத்தில், ஜோகூர் நீரிணையை ஒட்டிய கிராஞ்சியிலே, ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வெளிநாட்டு ஊழியர்களுக்கான பொழுதுபோக்கு மையத்தை நோக்கி நடந்து செல்லும் தமிழ்நாட்டு இளைஞர்களின் கைகளைச் சற்று உற்று நோக்கினால், தேகாப்பியாச சாலைகளில் மாதாமாதம் பணம் கட்டுவோர் பலர் ஏங்குகிற சம்பத்து ஒன்று அவற்றில் சேர்ந்திருப்பது புலப்படும். கம்பி கட்டியும் பலகை சுமந்தும் காய்த்துப்போன விரலடிகளும், முறுக்கேறிய முன்கைகளும் அவர்கள் விரும்பித் தேடியவை அல்ல, ஜீவனம் அளித்தவை. ஆயினும் கெட்டில்பெல் பயில வருகிறவன் முதலில் தேட வேண்டிய ஆசான்கள் அவர்களே என்பது என் அபிப்பிராயம்.

மேலே வளைந்த கைப்பிடியுடன் கூடிய அந்த இரும்புக் குண்டு, ருஷியாவிலே தானியம் நிறுக்கும் எடைக்கல்லாகப் பிறந்தது. சுமார் 16 கிலோ கொண்ட 'பூட்' என்னும் பழைய அளவையின் நிழலாகவே இன்றும் 16, 24, 32 என்று குண்டுகள் வார்க்கப்படுகின்றன. நம்மவர்க்கு இது முற்றிலும் அந்நியமான வித்தையும் அன்று. நம் பயில்வான்கள் சுழற்றிய கர்லாக்கட்டையின் இனத்தைத்தான் வெள்ளைக்கார ராணுவத்தினர் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். கட்டை சுழற்றுதல் 1904லும் 1932லும் ஒலிம்பிக் போட்டியாகவே நடந்தது.

குண்டைப் பிடிக்கும் கைக்கு வருவோம். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை. அவை முன்கையில் இருந்துகொண்டு, மணிக்கட்டின் வழியே செல்லும் நாண்களால் விரல்களை இழுக்கின்றன. புதிதாகப் பயில்பவன், குண்டு நழுவிவிடுமோ என்ற பயத்தினால், கைப்பிடியை உள்ளங்கையின் நடுவே வைத்து ஆதியந்தம் நெரிக்கிறான்; அதனால் முதுகும் தொடையும் களைக்குமுன்பே முன்கை மரத்துப்போகிறது, வியர்வை வழிகிறது, பிடி மேலும் நழுவுகிறது. கைப்பிடி தங்க வேண்டிய இடம் விரல்களின் அடிமடிப்பு. வீசும்போது குண்டு மேலே எழும்பி ஒரு கணம் பாரமற்று மிதக்கையில் பிடியை இளக்கி, அது கீழிறங்கித் தன் எடையைக் காட்டிலும் அதிகமாக இழுக்கும் தருணத்தில் மட்டும் இறுக்கத் தெரிந்தவனுக்கே நீண்ட நேரம் வீச முடியும். 10 நிமிஷம் குண்டைக் கீழே வைக்காமல் தூக்க வேண்டிய ருஷியப் போட்டிகளில் வெல்பவர்கள் இந்த இளக்கத்தினால்தான் தாக்குப்பிடிக்கிறார்கள்.

பிடியின் பலத்தை வளர்க்க விசேஷ சாதனம் ஏதும் வேண்டியதில்லை. இரு கைகளிலும் குண்டைத் தொங்கவிட்டு, நிறைந்த தண்ணீர் வாளிகளைச் சுமப்பவனைப்போல் நிமிர்ந்து நடப்பதும், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளின் கீழே உள்ள இரும்புக் கம்பியில் தொங்குவதும், இலேசான குண்டைத் தலைகீழாகப் பிடித்து அசையாமல் நிறுத்துவதும் போதும். வாரத்தில் இரண்டு மூன்று நாட்களே உத்தமம்; ஏனெனில் தசை தேறும் வேகத்தில் நாண்கள் தேறுவதில்லை, அவசரக்காரனுக்கு முழங்கையின் உட்புறத்தில் வலி வந்து சேரும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கி இறுக்குவதைத் தவிர்த்து, வைத்தியரைக் கேட்டுக்கொண்டே தொடங்க வேண்டும்.

பிடியின் பலம் இளைஞர்களின் விளையாட்டோடு முடிகிற விஷயமும் அன்று. இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறக்குறைய 1,40,000 பேரை ஆராய்ந்து 2015இல் 'லான்செட்' சஞ்சிகை வெளியிட்ட ஆய்வில், பிடியின் பலம் 5 கிலோ குறையக் குறைய மரண அபாயம் 16 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டது. பிடி ஆயுளை நீட்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. தேகத்தின் பொதுவான நிலையைக் கை காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். ஆசிய நிபுணர் குழு 2019இல் வகுத்த அளவின்படி, பிடியின் பலம் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே இறங்கினால் அது பலவீனம்.

கிராஞ்சியின் ஈரக்காற்றில் வியர்வைக்கு மக்னீசியம் கார்பனேட் தூள் உதவும். ஆனால் அதை அப்பிக்கொண்டால் கைப்பிடி தோலோடு ஒட்டி, திரும்பும்போது காய்ப்பைப் பிய்த்துவிடும். குளித்து எழுந்ததும், காய்ப்பு ஊறியிருக்கும்போதே, பாதம் தேய்க்கும் நுரைக்கல்லால் அதைச் சமமாகத் தேய்த்துவிட வேண்டும். மேடு தட்டிய காய்ப்புத்தான் கிழியும். கிழிந்துவிட்டால் புண் ஆறும்வரை குண்டைத் தொடாமல் ஓட்டமோ நடையோ பழகலாம். கால்களுக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.