காலையிலும் ஓட்டம்! மாலையிலும் ஓட்டம்! நடுவே கால் ஆறுவது எப்படி?

மாலை 4 மணி.

இடம்: ஆப்பிரிக்காவில், கென்யா நாட்டில் உள்ள காப்டகட் என்ற மலைக் கிராமம். கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,400 மீட்டர் உயரம்.

மண் பாதையில் ஓட்டக்காரர்கள் கூட்டமாக வருகிறார்கள். அவர்களில் சிலர் உலகப் புகழ் பெற்றவர்கள். ஆனால், அவர்கள் ஓடத் தொடங்கும்போது பார்த்தால் சிரிப்பு வரும்!

காலைத் தூக்கி வைக்கவே மனம் இல்லாதவர்கள் போல, தரையைத் தேய்த்துத் தேய்த்து நகருகிறார்கள். எட்டி நடை போடும் பள்ளிக்கூடத்துப் பையன்கூட அவர்களோடு பேசிக்கொண்டே வந்துவிடலாம்.

"இவர்களா பந்தயத்தில் பறப்பவர்கள்?" என்று கேட்கத் தோன்றும்.

ஆமாம், இவர்களேதான்! காலையில் இவர்கள் குதிரை போல் ஓடியவர்கள். அந்தக் களைப்பு இன்னும் காலில் இருக்கிறது. நாளைக் காலையில் மறுபடியும் ஓட வேண்டும். அதனால்தான் இந்த ஆமை நடை!

யார் அந்த வீரர்?

இந்தக் கூட்டத்தில் பல ஆண்டுகள் ஓடியவர், எலியுட் கிப்சோகே. 1984-ம் ஆண்டு பிறந்தவர். தாயார் பள்ளி ஆசிரியை. சிறு வயதில் பள்ளிக்கூடத்துக்கு ஓடியே போய் வந்தவர்.

மாரத்தான் என்பது 42 கிலோமீட்டர் 195 மீட்டர் தூரம் ஓடும் பந்தயம். அதில், 2016-ம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கிலும், 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் கிப்சோகே தங்கப் பதக்கம் பெற்றார்.

2019-ம் ஆண்டு வியன்னா நகரில் அந்தத் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடி முடித்தார். அதற்கு முன் எந்த மனிதனும் 2 மணி நேரத்துக்குள் அதை ஓடியது கிடையாது! (வேகம் காட்டும் துணை வீரர்கள் மாறி மாறி வந்ததால், அது சாதனைப் பட்டியலில் சேரவில்லை.) 2022-ல் பெர்லின் பந்தயத்தில் 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் ஓடி, அப்போதைய உலக சாதனையை ஏற்படுத்தினார்.

இவருக்குப் பயிற்சி அளித்தவர் பாட்ரிக் சாங். 1992-ம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில், தடை தாண்டி ஓடும் 3,000 மீட்டர் பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர்.

வாரத்துக்கு 200 கிலோமீட்டர்!

கிப்சோகே வாரத்துக்குச் சுமார் 200 கிலோமீட்டர் ஓடுவார். பெரும்பாலான நாட்களில் இரண்டு வேளை ஓட்டம். காலை 6 மணிக்கு ஒன்று. மாலை 4 மணிக்கு ஒன்று.

ஆனால், எல்லா நாளும் ஒரே வேகம் அல்ல. செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாள்தான் கடும் பயிற்சி. வியாழக்கிழமை 30 அல்லது 40 கிலோமீட்டர் ஓட்டம் இருக்கும். மற்ற நாட்களில் மிதமான ஓட்டமே. கடும் பயிற்சி நாளில்கூட முழுச் சக்தியையும் செலவிடுவது இல்லை என்று கிப்சோகே பல தடவை சொல்லி இருக்கிறார். மிச்சம் எல்லாம் பந்தயத்துக்கு!

மாலை ஓட்டம் சுமார் 10 கிலோமீட்டர். மெல்லத் தொடங்கி, 40 நிமிட அளவில் முடித்துவிடுவார்கள். நமக்கு அது பெரிய வேகம். கிப்சோகேக்கோ அது உலாப் போவது போல!

அரைக் கிலோ மாவுச்சத்து

மாலையில் ஏன் மெல்ல ஓட வேண்டும்?

நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு சேமித்து வைக்கிறது. அந்தச் சேமிப்புக்குக் கிளைகோஜன் என்று பெயர். சதையிலும் ஈரலிலும் சேர்த்து, அது சுமார் அரைக் கிலோதான் இருக்கும். வேகமாக ஓடினால் அது வேகமாகக் கரையும்.

இதில் ஒரு வேடிக்கை! கைச் சதையில் உள்ள சேமிப்பைக் கால் சதை கடன் வாங்க முடியாது. ஓடுவது கால். அதனால் காலின் சேமிப்புதான் முதலில் காலியாகும்.

காலியான சேமிப்பு மறுபடியும் நிரம்ப, நன்றாகச் சாப்பிட்டாலும் ஒரு நாள் வரை ஆகும். காலைக்கும் மாலைக்கும் நடுவே பாதிக் கிணறுதான் ஊறும். மெதுவாக ஓடினால், உடம்பு கொழுப்பை அதிகமாக எரித்துச் சமாளிக்கும். வேகமாக ஓடினால், ஊறியதும் போய்விடும்!

காலைக் கடும் ஓட்டம் முடிந்தவுடன் கென்ய வீரர்கள் முதலில் தேடுவது தேநீரை. பாலும் சர்க்கரையும் தாராளமாகச் சேர்த்த தேநீர். கூடவே ரொட்டி. மற்ற வேளைகளில் "உகாலி". மக்காச்சோள மாவில் கிளறுவது. ஏறக்குறைய நம் களி மாதிரி!

இந்த அவசரம் நல்லதே. ஓடி முடித்த முதல் சில மணி நேரத்தில்தான் சதை மாவுச்சத்தை வேகமாக இழுத்துக்கொள்ளும். 50 கிலோ எடை உள்ளவர், அப்போது மணிக்கு 50 முதல் 60 கிராம் மாவுச்சத்துச் சாப்பிடலாம் என்று உணவு நிபுணர்கள் கூறுகிறார்கள்.

தண்ணீருக்கும் கணக்கு உண்டு. ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால், சுமார் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை குடிக்க வேண்டும். ஒரே மூச்சில் அல்ல, கொஞ்சம் கொஞ்சமாக!

வலிக்குக் காரணம் அமிலமா?

"ஓடினால் காலில் அமிலம் தேங்கும். அதுதான் மறுநாள் வலிக்கிறது" என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. ஓடும்போது சேரும் லாக்டிக் அமிலம், ஓரிரு மணி நேரத்துக்குள் நீங்கிவிடும்.

மறுநாள் வலிக்குக் காரணம் வேறு. சதை நார்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கிழிசல்கள் ஏற்படுகின்றன. இறக்கத்தில் ஓடினால் இன்னும் அதிகம். அந்த வலி ஒரு நாள் முதல் மூன்று நாளுக்குள் உச்சத்தை அடைந்து, பிறகு தணியும். கிழிசலைத் தைத்துக்கொள்வது உடம்பின் வேலை. தைத்த சதை, முன்பைவிட உறுதியாக இருக்கும். அதற்கு நேரம் கொடுக்காமல் மறுபடியும் விரட்டினால்தான் ஆபத்து.

கால் பிடித்துவிட்டால் வலி கொஞ்சம் குறையும். குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் காலை வைத்தாலும் இதமாக இருக்கும். வலி மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுவது மட்டும் கூடாது. உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் சில மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து தூக்கம். அது காசு இல்லாமல் கிடைப்பது. ஆனால், எல்லோருக்கும் கிடைப்பது இல்லை!

வீட்டை விட்டு வந்த கோடீசுவரர்

கிப்சோகேயின் வீடு எல்டோரெட் நகரில் இருக்கிறது. பயிற்சி முகாமில் இருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனாலும் வாரம் முழுவதும் அவர் முகாமிலேயே தங்கினார். மனைவி, மூன்று குழந்தைகளைப் பார்க்க, வாரக் கடைசியில்தான் போவார்.

பந்தயங்களில் அவர் சம்பாதித்தது கோடிக்கணக்கில். முகாமிலோ எளிய அறை. முறை வைத்துக் கூட்டிப் பெருக்குவார். கக்கூஸ் கழுவுவார்!

பிள்ளைகளைப் பிரிந்து ஏன் இந்தத் தவம்?

வீட்டில் இருந்தால் உறவினர் வருவார்கள். கடைக்குப் போக வேண்டும். ஊர்க் காரியம் இருக்கும். பகலில் படுத்தால், "உடம்புக்கு என்ன?" என்று நாலு பேர் கேட்பார்கள். முகாமில் அந்தத் தொல்லை இல்லை. ஓட்டம், சாப்பாடு, பகல் தூக்கம், மறுபடியும் ஓட்டம். இரவு சீக்கிரமே படுக்கை. இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே காலை நீட்டிக் கிடப்பதும் அங்கே பயிற்சியில் ஒரு பகுதி. இதைச் சோம்பல் என்று யாரும் சொல்வது இல்லை.

யாருக்கு வேண்டாம்?

புதிதாக ஓடத் தொடங்கியவர்களுக்கு இரண்டு வேளை ஓட்டம் வேண்டாம். ஒரு வேளை ஓட்டம் பல மாதங்கள் பழகி, கால் தாங்கிய பிறகே அதை நினைக்கலாம். அப்போதும் இரண்டாவது ஓட்டம், வாய்விட்டுப் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் இருக்கட்டும்.

காலையில் எழுந்ததும் நாடி வழக்கத்தைவிட வேகமாகத் துடிக்கிறதா? மாடிப்படி ஏறவே கால் கனக்கிறதா? அசதி இருந்தும் தூக்கம் வரவில்லையா? அன்று மாலை ஓட்டத்தை விட்டுவிடுங்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பில், விரல் வைத்துக் காட்டும்படி ஒரே இடத்தில் வலித்தால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம்.

வயது விடவில்லை

வயது ஏற ஏற, சதை ஆறும் வேகமும் குறைகிறது. கிப்சோகேயும் இதற்கு விலக்கு அல்ல.

2023-ம் ஆண்டு பாஸ்டன் பந்தயத்தில் இடது கால் தொல்லை கொடுத்தது. ஆறாவதாக வந்தார். 2024-ம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், சுமார் 30 கிலோமீட்டர் ஓடிய பிறகு, இடுப்பு வலி தாங்காமல் நின்றுவிட்டார். காலணிகளைக் கழற்றி, வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் கொடுத்தார்.

2025-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி நியூயார்க் பந்தயம். கிப்சோகேக்கு 17-வது இடம். நேரம் 2 மணி 14 நிமிடம் 36 விநாடி. 41-வது பிறந்த நாளுக்கு மூன்றே நாள் இருந்தது. ஏழு கண்டங்களிலும் ஆளுக்கு ஒரு மாரத்தான் என்ற கணக்கில், இன்னும் ஏழு ஓடப் போவதாக அவர் அப்போது அறிவித்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட தவணை, இரண்டு ஆண்டுகள்!